துரைக்கண்ணுவுக்கு லைம் சோடா

வேண்டாம் அக்கா, நீங்கள் சாப்பிடுங்கள். பிளேனில் கொடுத்ததே இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

மறுபடியும் நீட்டுகிறீர்களே. சரி, ஒரு வெள்ளரிப்பிஞ்சு போதும். மிளகாய்ப்பொடி இல்லாமல்.

சிரிக்காதீர்கள். இரண்டாவது தடவை கேட்டீர்கள் பாருங்கள், அது இல்லாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்க நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே என்கிறீர்களா? பப்பில். ஆமாம், பப்தான். முகத்தைச் சுளிக்க வேண்டாம், நான் குடிக்கிறவள் இல்லை. கண்டக்டரோடு லக்கேஜ் டிக்கெட்டுக்கு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாளே, இவள் எந்த ரகமோ என்று ஏற்கெனவே நினைத்திருப்பீர்கள். பெட்டி அதற்கான இடத்தில் இருக்கிறது, யார் காலிலும் இடிக்கவில்லை, பிறகு எதற்கு டிக்கெட் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாங்கியும் கொண்டேன். வாங்கிக்கொண்டதால் கேட்டது தப்பு என்று ஆகிவிடாது.

இங்கிலாந்திலிருந்து வருகிறேன். ஷெஃபீல்டு. லண்டன் இல்லை, அங்கிருந்து ரயிலில் வடக்கே போக வேண்டும். சரி, லண்டன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். படிக்கப் போனேன். பொதுச் சுகாதாரம். ஊசி போடுகிற படிப்பு இல்லை. ஒரு ஊருக்கே ஏன் வியாதி வருகிறது என்று பார்க்கிற படிப்பு. கரூரில் இறங்க வேண்டும். வீட்டில் காரியம். நாளைக்குக் கருமாதி. அப்பாவுக்கு.

இல்லையில்லை, அப்படிப் பார்க்காதீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நான் பப்பைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் எங்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். என் குழுவில் ஹாரியட், ஓவன், நான். ஹாரியட் அந்த ஊர்க்காரி, நர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். ஓவன் வேல்ஸ் பக்கத்துப் பையன், நிலைப்படியில் குனிந்துதான் வர வேண்டும், அவ்வளவு உயரம். முதல் நாள் வேலை முடிந்ததும் "வா, ஒன்று குடித்துவிட்டுப் போகலாம்" என்றார்கள். போகாவிட்டால் பட்டிக்காடு என்பார்கள். போனேன்.

நான் கரூரில் ஒயின்ஷாப் இருக்கிற பக்கம் நடந்ததே இல்லை அக்கா. எதிர்ச் சாரிக்குப் போய், துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு போகிறவள். அந்தப் பச்சை போர்டு, கம்பி வலை, வலைக்குள் நுழைகிற கைகள், கீழே உடைந்த கண்ணாடி. அதுதான் எனக்குத் தெரிந்த கடை. இங்கே பார்த்தால் கடைக்குப் பெயர் 'ஏரும் குதிரையும்'. உள்ளே கம்பளம். கணப்பில் நெருப்பு. ஒரு நாய் குறுக்கே படுத்துத் தூங்குகிறது. இரண்டு கிழவிகள் ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி நிதானமாக உட்கார்ந்து பியர் குடிக்கிறார்கள். ஒரு ஓரத்தில் ஒரு குடும்பம் குழந்தைக்கு உருளைக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இவர்களுக்கு மட்டும் இப்படி ஒரு கடையா?

ஓவன் எழுந்து, "உனக்கு என்ன?" என்றான்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். யார் வீட்டுக்குப் போனாலும், காபி சாப்பிடுகிறாயா என்றால், ஐயோ எதற்கு, இப்போதுதான் குடித்தேன் என்போம். அட, சும்மா ஒரு வாய் என்பார்கள். வேண்டாங்க என்போம். அதற்குள் காபி கைக்கு வந்திருக்கும். கேட்டவுடன் சரி என்றால் அலைகிறவள் என்று பெயர்.

அவன் "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டான்.

இரண்டு கிளாஸ் வந்தது. எனக்கு முன்னால் மேஜைதான் இருந்தது. அது காலியானதும் ஹாரியட் எழுந்து, "உனக்கு இப்போதும் வேண்டாம்தானே?" என்றாள். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால் நான் என்ன சொல்வது? மடியில் கையை வைத்துக்கொண்டு, ஏதோ பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. வெள்ளைக்காரப் புத்தி, நம்மைச் சேர்த்துக்கொள்ள மனசில்லை, கருப்புத் தோலுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கிடையாது என்று அறைக்குப் போய் எங்கள் தங்கச்சி சிந்துஜாவுக்குப் போனில் புலம்பித் தீர்த்தேன். அவள், "நீதானக்கா வேண்டாம்னு சொன்ன?" என்றாள். அவளுக்கு வாதம் செய்யத் தெரியாது.

அடுத்த வாரம் விடவில்லை. நேராக கவுண்டருக்குப் போனேன். அங்கே மேஜைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். போனால் வரிசை என்று ஒன்று கிடையாது, எல்லோரும் கவுண்டர் பலகையில் சாய்ந்து நிற்கிறார்கள். நான் நோட்டை நீட்டி "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று கூப்பிட்டேன். கவுண்டருக்குப் பின்னால் லோரெய்ன் என்று ஒரு பொம்பளை, அவள்தான் கடையை நடத்துகிறவள். அவள் கண் என்மேல் பட்டது, பட்டுவிட்டு அப்படியே சுவரைப் பார்த்த மாதிரி நகர்ந்துவிட்டது. பார்த்தீர்களா, மறுபடி அதே தோல் விவகாரம் என்று வாயைத் திறக்கப் போகிறேன், கவுண்டர் மூலையில் ஸ்டூலில் இருந்த ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார், "நோட்டை உள்ளே வைம்மா. அவளுக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்று தெரியும்." கொஞ்ச நேரத்தில் லோரெய்ன் அந்தக் கிழவரைப் பார்த்து "கெவின், உனக்கு?" என்றாள். அவர் தலையை ஆட்டி என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணு எனக்கு முன்னாடி."

வரிசை எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது அக்கா. வெளியே இல்லை. நம் ரேஷன் கடையில் கயிறு கட்டினாலும் நிற்காத வரிசை.

ஒரு லைம் சோடா வாங்கினேன். என் காசு, என் கிளாஸ். தலை நிமிர்ந்து மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் என் கிளாஸையே பார்த்தார்கள். அவர்கள் கிளாஸ் காலி. ஓவன்தான் பிறகு, காது சிவந்துபோய், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினான். அங்கே ஒருவர் எழுந்தால் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வர வேண்டும். அடுத்து இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். சுற்றி வரும். யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் இப்போது யார் முறை என்று மேஜையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தன் முறை வரும்போது பாத்ரூம் போகிறவனை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? "நான் குடிப்பது சோடா. நீங்கள் குடிப்பது பியர். இது என்ன சமத்துவம்?" என்று பிடித்துக்கொண்டேன். கூட்டத்தோடு வேகமாகக் குடிக்க வைக்கிற ஏற்பாடு இது, பாடத்திலேயே இருக்கிறது, இதனால்தான் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி நிரம்புகிறது என்றேன். ஓவன் உற்சாகமாகிவிட்டான், அவனும் வாதப்பிரியன். ஹாரியட் மட்டும், "நீ வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் நீ எதுவும் வாங்கிக்கொள்ளாவிட்டால், உன்னிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று எங்களுக்குத் தெரியாது" என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "நீ குடிக்காவிட்டால் பரவாயில்லை, கையில் ஏதாவது ஒரு கிளாஸ் இருக்கட்டும். குடிக்கிறவர்கள் பக்கத்தில் வெறும் கையோடு உட்கார்ந்தால், அவர்களைத் தனியாகக் குடிக்க விட்ட மாதிரி."

இது என்ன வாதம்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் கையில் லைம் சோடா. லோரெய்ன் என்னைக் கண்டதுமே "லைம் சோடாவா, லவ்?" என்பாள். லவ் என்றால் ஒன்றும் இல்லை, அந்த ஊரில் பால் போடுகிறவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நிமிஷம் அக்கா, போன்.

என்னடி? பெட்டவாய்த்தலை தாண்டிட்டேன். ம். யாரு, ஆரோக்கியசாமி மாமாவா? மறுபடியுமா? நான்தான் நேத்தே சொன்னேனே. வீட்டுக்குள்ள ஒரு பாட்டில் வரக்கூடாது. அம்மா என்ன சொல்லுது? ஒண்ணும் சொல்லலைன்னா அப்ப நான் சொல்றதுதான். நான் வந்து பேசிக்கிறேன். வை.

தங்கச்சிதான். கேட்டீர்களா அக்கா அநியாயத்தை? நாளைக்குப் படையல். வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் வைப்பார்கள், வைக்கட்டும். அப்பாவோடு வேலை பார்த்த ஆட்கள் ஒரு பாட்டில் வாங்கிவந்து படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். அந்தச் சனியனால்தான் மனுஷன் போனார். ஈரல். வயிறு பானை மாதிரி உப்பி, கண் மஞ்சளாகி. கொன்றதையே கொண்டுவந்து கும்பிடுகிறதா? சொல்லுங்கள், இதில் என்ன நியாயம் இருக்கிறது? பாம்பு கடித்துச் செத்தவருக்குப் பாம்பைப் படைப்பார்களா?

பதிலுக்கு இன்னொரு பிஞ்சை நீட்டுகிறீர்கள். சரி.

எங்கள் அப்பா பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் தகடு அடிக்கிற டிங்கர். இந்த பஸ்கூட எங்கள் ஊரில் கட்டியதுதான், ஜன்னலுக்குக் கீழே தகடு மடித்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் கட்டியதா என்று கேட்டால் தெரியாது. நான் ஒரு நாளும் பட்டறைக்குப் போனதில்லை. சனிக்கிழமை சம்பளம். சம்பளம் வாங்கினதும் நேரே ஒயின்ஷாப், பக்கத்தில் பார். தனியாகக் குடிக்கிற புத்தி கிடையாது. ஆரோக்கியசாமி மாமா, பெயிண்டர் மாணிக்கம், புதிதாகச் சேர்ந்த ஹெல்ப்பர், வழியில் தென்பட்டவன், எல்லோருக்கும் இவர்தான் வாங்குவார். அவனவன் கையைப் பையில் விட்டால் பிடித்து வெளியே இழுப்பாராம். "துரைக்கண்ணு இருக்கும்போது நீ எடுக்கறதா?" என்று. பட்டறையில் அவருக்குத் தர்மப்பிரபு என்று பெயர். தர்மப்பிரபுவின் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆறிப்போன புரோட்டாவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொண்டுவந்து, தூங்குகிறவளை எழுப்பி, "பாப்பா, சால்னா இருக்கு பாரு" என்பார். அந்த வாடையோடு. நான் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவர் மறுபடி கேட்பார். மறுபடியும் கேட்பார். நான் எழுந்ததே இல்லை.

அவர் ஒளித்துவைக்கிற பாட்டிலை எல்லாம் தேடி எடுத்துச் சாக்கடையில் ஊற்றுவது என் வேலை. அம்மா அதைத் தொடவே மாட்டாள்.

அங்கே அந்த மேஜையில் உட்கார்ந்து எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் தெரியுமா? எங்கள் அப்பா அந்த ஊரில் பிறந்திருந்தால், இவர் ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவை அவன் வாங்கியாக வேண்டும். தின்றுவிட்டு நழுவ முடியாது. அதுதான் ஒழுங்கு. வாங்கிக் குடித்தவன் திருப்பி வாங்கித் தந்தே தீர வேண்டும். இங்கே எவன் தந்தான்?

குளித்தலையா? கொஞ்ச நேரம் நிற்கும் என்று நினைக்கிறேன். டீ, இங்கே ஜன்னலுக்கு வாங்க! இரண்டு கொடுங்க. இல்லை அக்கா, நீங்கள் பையைத் திறக்கவே கூடாது. வெள்ளரிப்பிஞ்சு உங்களுடையது, இது என் முறை. சூடு, பார்த்துப் பிடியுங்கள்.

கெவின் என்று சொன்னேனே, மூலை ஸ்டூல் கிழவர். குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் போகிறோம், ஸ்டூல் காலி. அதற்கு நேரே கவுண்டரில் ஒரு கிளாஸ் நிறையக் கறுப்பு பியர். கூட்டம் நெருக்குகிறது, யாரும் அந்த இடத்தில் கையை வைக்கவில்லை. லோரெய்ன் சுற்றித் துடைக்கிறாள், அதை எடுக்கவில்லை. கெவின் எங்கே என்று கேட்டேன். "போய்விட்டார், லவ். அவர் சிநேகிதர்கள் அவருக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள்" என்றாள். மூன்று கிழவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அழவில்லை. பேச்சுக்கு நடுவே அந்த கிளாஸையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள், அதுவும் பேச்சில் சேர்ந்திருக்கிற மாதிரி. ரொம்ப அழகாக இருந்தது அக்கா. எவ்வளவு மரியாதை! எவ்வளவு நாசூக்கு! நம் ஆட்களுக்கு இந்த நாகரிகம் வருமா என்று நினைத்தேன்.

என்ன கேட்கிறீர்கள்? இல்லை, அது வேறு, இது வேறு. நாளைக்கு நடக்கப்போகிறது படையல். அங்கே நடந்தது மரியாதை. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். எப்படி வேறு என்றால்... வேறுதான்.

சிந்துஜா போன் செய்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். மது விலையை ஏற்றினால் குடி குறையுமா என்று எங்கள் குழுவின் ஆய்வு. அதை வகுப்பில் படித்துவிட்டு, நன்றாக வந்தது என்று எல்லோரும் சொல்லி, அங்கே போய் உட்கார்ந்தோம். சிரிக்க வேண்டாம், குடியைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோரும் அங்கே குடித்துக்கொண்டேதான் படிக்கிறார்கள். போன் அடித்தது. வெளியே வந்து எடுத்தேன். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா" என்றாள். பின்னால் அம்மா சத்தம். சித்தப்பா யாரையோ ஐஸ் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "சரி" என்றேன். "காலைல எடுத்துடலாம்னு சொல்றாங்க, நீ வர முடியுமா?" என்றாள். "எப்படிடி முடியும்?" என்றேன். வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தேன். மேஜையில் மூன்று கிளாஸும் காலி. என் முறை.

ஆமாம் அக்கா, அதுதான் தோன்றியது. என் முறை. கவுண்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றார், அவருக்குப் பிறகு நான் என்று தெரியும், நின்றேன். லோரெய்ன் "லைம் சோடாவோடு இரண்டு பியர், சரியா, லவ்?" என்றாள். இரண்டு கையில் மூன்று கிளாஸ் பிடித்து, நாயைத் தாண்டி, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து வைத்தேன். உட்கார்ந்தேன். அப்புறம்தான் சொன்னேன், "என் அப்பா இறந்துவிட்டார்."

நம் ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும்? கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தெரியாதவர்கள்கூட மாரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஹாரியட் கையை மேஜைமேல், என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. பக்கத்தில் வைத்தாள், அவ்வளவுதான். பிறகு கேட்டாள், "உன் அப்பா என்ன குடிப்பார்?"

அங்கே அப்படித்தான். ஒருவர் போய்விட்டால் அவர் குடிப்பதை வாங்கி, அவர் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "என் அப்பா குடிக்க மாட்டார். லைம் சோடாதான்."

பின்னே என்ன சொல்லட்டும்? கால் பாட்டில் ரம், பிளாஸ்டிக் டம்ளரில், மாட்டிறைச்சி வறுவலோடு என்று சொல்லவா? ஆய்வில் இரண்டாம் பக்கத்தில் வருகிறாரே குடிநோயாளி, அவர்தான் என்று சொல்லவா? அது அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நான் வாங்கி வைத்த பியரை இரண்டு பேரும் தள்ளி வைத்துவிட்டார்கள். வாய் வைக்கவே இல்லை. ஓவன் எழுந்து போய் லோரெய்னிடம் ஏதோ சொன்னான். அவள் தட்டில் லைம் சோடாவாக அடுக்கிக்கொண்டு அவளே வந்தாள். மேஜைக்கு வராதவள், வந்தாள். "அவர் பெயர் என்ன, லவ்?" என்றாள். சொன்னேன். ஓவனுக்கு வாயில் நுழையவில்லை. டோரை, டோரைக் கன்னு. அவன் விடவில்லை, நான் திருத்தத் திருத்த, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தான். பிறகு மூன்று பேரும் கிளாஸைத் தூக்கி, "துரைக்கண்ணுவுக்கு" என்றார்கள்.

எங்கள் அப்பா பெயரைச் சொல்லி ஒரு பிராந்திக்கடையில் லைம் சோடா குடித்தார்கள் அக்கா. அவர் கேட்டிருந்தால் பட்டறை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அதற்கப்புறமாவது என்னைத் தனியாக விட்டார்களா? இல்லை. வீட்டுக்கும் போகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் கிளாஸ் காலியானால் இன்னொன்று. அது காலியானால் இன்னொன்று. கேட்கவே இல்லை, கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு என் முறை மறுபடி வரவே இல்லை. வயிறு முழுக்க சோடா. ஏன் இவர்கள் எழுந்து போக மாட்டேன் என்கிறார்கள் என்றுதான் எனக்கு இருந்தது. அழ வரவில்லை. கூட அழுவதற்கு ஒரு ஆள் இருந்தால்தானே வரும்? அது அவர்கள் தப்பு. நான் இதை மன்னிக்கப்போவதில்லை.

மறுநாள் அந்த வழியாகப் போனேன். சும்மாதான். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கவுண்டர் மூலையில், கெவின் ஸ்டூலுக்கு நேரே, ஒரு லைம் சோடா. குமிழி எல்லாம் அடங்கிப்போய், மேலே ஒரு எலுமிச்சைத் துண்டு. யாரும் எடுக்கவில்லை.

உடனே ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். சித்தப்பா கொள்ளி போட்டாகிவிட்டது, வந்து என்ன செய்ய? கட்டுரையை எழுதி முடித்துக் கொடுத்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா, அதைத்தான் சொல்கிறேன்.

இதோ மறுபடியும் அவள்தான்.

சொல்லுடி. மாயனூர் பக்கம். யாரு? அவரே பேசறாரா? சரி, குடு.

சொல்லுங்க மாமா. நல்லாருக்கேன். ம். ம். இல்ல மாமா, நான் முடிவாத்தான் சொல்றேன். உங்களைக் குத்தம் சொல்லல. அதனாலதானே அவரு... ம். சொல்லுங்க, கேக்கறேன்.

...

மாமா, அழாதீங்க.

வெச்சிடாதீங்க மாமா. இருங்க. ஒரு நிமிஷம்.

அக்கா, இவர் என்ன சொல்கிறார் கேளுங்கள். "நீ மூத்தவ, நீ வேண்டாம்னா வைக்கல பாப்பா" என்கிறார். "உங்கப்பன் இருந்தவரைக்கும் எங்களைக் கையைப் பையில விட விட்டதே இல்ல. ஒரே ஒரு தடவையாவது நாங்க அவனுக்கு வாங்க வேண்டாமா? இது எங்க முறை பாப்பா" என்கிறார். முறையாம். இவர்களுக்கு என்ன தெரியும் முறையைப் பற்றி? எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்?

ம். மாமா. லைன்ல இருக்கீங்களா?

பிளாஸ்டிக் டம்ளர்ல வைக்காதீங்க. வீட்ல அலமாரியில கண்ணாடி கிளாஸ் இருக்கு, அம்மாகிட்ட கேளுங்க, கழுவித் தரும். அதுல ஊத்துங்க. நிறைய ஊத்துங்க. பக்கத்துல இன்னொரு கிளாஸ்ல ஒரு லைம் சோடா. கடைச் சோடாதான், எலுமிச்சம்பழம் புழிஞ்சு. ஆமா மாமா, சோடாதான். சாமிக்கெல்லாம் இல்ல. எனக்கு. அவர் பக்கத்துல வைங்க. எனக்குத்தான் மாமா, எத்தனை தடவை சொல்றது. அவரைத் தனியா உக்கார வைக்கக் கூடாதில்ல.

வைக்கிறேன்.

நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள் அக்கா. வாதத்தில் நான் தோற்கவில்லை. அந்தப் பாட்டிலைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சரி, புள்ளிவிவரத்தோடு எழுதித் தருவேன். டம்ளர் விஷயத்தில்தான் ஒரு சின்னத் திருத்தம் சொன்னேன்.

கரூர் பாலம் வந்துவிட்டது. பெட்டியை நானே எடுத்துக்கொள்வேன். டீ கப்பைக் கொடுங்கள், குப்பையில் போட்டுவிடுகிறேன். நீங்களும் இங்கேதானா? எந்தப் பக்கம்? வெங்கமேடா? எங்கள் வீடு அதற்கு நேர் எதிர்த் திசை.

என்ன? இல்லை அக்கா, எதற்கு உங்களுக்குச் சிரமம். ஆட்டோ பிடித்தால் ஐந்து நிமிஷம். வீடு வரைக்கும் எல்லாம் நீங்கள் வர வேண்டாம். நான் போய்க்கொள்வேன்.

அக்கா.

இன்னொரு தடவை கேளுங்களேன்.